உயர்ந்த உருக்குக் கட்டிடங்களும் பூகம்ப அபாயமும்

நகரங்களின் நடுவே நாற்பது மாடி, ஐம்பது மாடி என்று எழுந்து நிற்கும் உருக்குக் கட்டிடங்களைக் குறித்து ஜனங்களிடையே இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன. உருக்கு வளையுமே தவிர ஒடியாது, ஆகையால் பூகம்ப காலத்தில் உருக்குச் சட்டகத்தால் ஆன கட்டிடத்தைப்போல் பத்திரமான இடம் வேறில்லை என்பது ஒன்று. பழைய கட்டிடம் ஆபத்தானது, புதிய கட்டிடம் பாதுகாப்பானது என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த அளவு எவ்வளவு என்று வரையறுத்துக்கொள்ளாமல் இவற்றை நம்பியிருப்பது உயிர்களைப் பணயம் வைப்பதாகும். ஸான் பிரான்ஸிஸ்கோ, லாஸ் ஏஞ்ஜல்ஸ், மெக்ஸிகோ நகரம், கோபே, ஒஸாகா ஆகிய ஊர்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலமகள் நடத்திவந்திருக்கும் பரீட்சைகளை வரிசைப்படுத்திப் பார்ப்போமாயின், ஒரு கட்டிடத்தின் வயது அதன் அபாயத்துக்குச் சரியான அளவுகோல் ஆகாது என்பதும், தூணும் உத்தரமும் சந்திக்கும் மூட்டு எவ்வாறு செய்யப்பட்டது, அடியில் உள்ள மண் எந்த வேகத்தில் ஆடும் என்ற இரண்டு கேள்விகளே மெய்யான அளவுகோல்கள் என்பதும் தெளிவாகும்.

உருக்கின் குணமும் உயரத்தின் குணமும்

உருக்கின் பெருமை அதன் வலிமையில் மட்டும் இல்லை. கருங்கல்லும் செங்கல்லும் தம் எல்லையை மீறிய பாரம் வந்தால் முன்னறிவிப்பின்றிப் பிளந்துபோகின்றன. நல்ல உருக்கோ, எல்லையைத் தாண்டிய பிறகும் உடனே அறுந்துவிடாமல் நீண்டும் வளைந்தும் கொடுத்து, அவ்வாறு வளைவதிலேயே தன்மேல் மோதிய சக்தியின் பெரும்பகுதியை உஷ்ணமாக மாற்றிச் செலவழித்துவிடுகிறது. பெரும் பூகம்பம் ஒன்றின் முழு வேகத்தையும் கீறலின்றித் தாங்கும்படி உயர்ந்த கட்டிடத்தை நிர்மாணிப்பதென்றால் செலவு கட்டுக்கடங்காது. ஆகவே, சட்டகத்தின் சில பாகங்கள் வளைந்து சேதமுறட்டும், ஆனால் கட்டிடம் விழாமல் நிற்கட்டும், உள்ளே இருப்பவர்கள் உயிரோடு வெளியேறட்டும் என்ற சமரசத்தின்மீதே பெரும்பாலான கட்டிட விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. இந்தச் சமரசம் முழுவதும் உருக்கு வளைந்து கொடுக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் தொங்குகிறது என்பதை வாசகர்கள் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் பின்னால் சொல்லப்போகும் விபரீதங்கள் யாவும் அந்த நம்பிக்கை பொய்த்த இடங்களில் நேர்ந்தவையே.

உயரத்துக்கும் ஒரு தனிக்குணம் உண்டு. ஒவ்வொரு கட்டிடமும் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சென்று, மீண்டும் திரும்பி வருவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் ஒன்று இருக்கிறது. அதனை அலைவு நேரம் என்கிறோம். பத்து மாடி உருக்குக் கட்டிடத்துக்கு அது ஒன்று அல்லது ஒன்றரை வினாடி இருக்கலாம். ஐம்பது மாடிக்கு ஐந்து, ஆறு வினாடிகள் ஆகலாம். நிலம் வெகு விரைவாகப் படபடத்தால் உயர்ந்த கட்டிடம் அதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. நிலத்தின் அலை நீண்டு, கட்டிடத்தின் சொந்த அலைவு நேரத்தோடு ஒத்துப்போகுமானால், சரியான தருணம் பார்த்துத் தள்ளப்படும் ஊஞ்சலைப்போல அதன் ஆட்டம் ஒவ்வொரு சுற்றிலும் பெருகிக்கொண்டே போகிறது. சிறிய பூகம்பங்கள் பெரும்பாலும் விரைவான அலைகளையே எழுப்புகின்றன. நீண்ட அலைகளை மிகுதியாக எழுப்புவது பெரும் பூகம்பங்களின் இயல்பு. ஆழமான மென்மண் நிரம்பிய படுகைகள் அவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு பெருக்குகின்றன. ஆகவே சிறு பூகம்பங்கள் பலவற்றைத் தாங்கி நின்றது என்ற காரணத்தால் ஓர் உயர்ந்த கட்டிடம் பெரும் பூகம்பத்தையும் தாங்கிவிடும் என்று முடிவு செய்வது தர்க்கத்துக்குப் பொருந்தாது.

ரிவெட்டுக் காலத்துக் கட்டிடங்கள்

உருக்குச் சட்டகக் கட்டிடங்களுக்கு நேர்ந்த முதல் பெரும் பரீட்சை 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி அதிகாலையில் ஸான் பிரான்ஸிஸ்கோவில் நிகழ்ந்தது. 7.9 அளவுள்ள அந்தப் பூகம்பமும், அதைத் தொடர்ந்து மூன்று நாட்களுக்கு மேல் எரிந்த தீயும் நகரத்தின் பெரும்பகுதியை நாசமாக்கி, ஏறத்தாழ 3,000 உயிர்களைப் பலிகொண்டன. ஆயினும், அவ்வூரில் அப்போதே எழுந்திருந்த உருக்குச் சட்டகக் கட்டிடங்கள் ஆட்டத்தைத் தாங்கி நின்றுவிட்டன. 1898-இல் கட்டி முடிக்கப்பட்ட படகுத்துறைக் கட்டிடம் இன்றும் பயன்பட்டுவருகிறது. அதே காலத்தில் எழுந்த ‘கால்’ பத்திரிகையின் கோபுரம் தீயினால் உட்புறம் முழுவதும் கருகிய பின்னும் சட்டகம் குலையாமல் நின்று, புதுப்பிக்கப்பட்டு, கலசம் அகற்றப்பட்ட உருவத்தில் இன்றைக்கும் இருக்கிறது. இவற்றைக் கட்டியவர்கள் பூகம்பத்துக்கென்று எந்தக் கணக்கும் போட்டவர்கள் அல்லர். காற்றின் விசைக்கு மட்டுமே கணக்கிட்டவர்கள்.

அவ்வாறிருக்க அவை பிழைத்ததன் காரணம் என்ன? மூட்டுகள் யாவும், பழுக்கக் காய்ச்சி அடித்து இறுக்கப்பட்ட எண்ணற்ற ரிவெட்டு ஆணிகளால் ஆனவை. ஓர் ஆணி தளர்ந்தால் பாரத்தை ஏற்கப் பக்கத்தில் வேறு ஆணிகள் இருந்தன. ஏறத்தாழ ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு உத்தரமும் இவ்வாறு பிணைக்கப்பட்டிருந்ததால், சட்டகத்தில் ஒரு மூட்டுக் கெட்டாலும் துணைக்கு நூறு மூட்டுகள் நின்றன. தூண்களுக்கிடையே கட்டப்பட்ட கனத்த செங்கற் சுவர்கள், கணக்கில் சேர்க்கப்படாத போதிலும், பூகம்பத்தின்போது பாரத்தில் பெரும்பங்கை ஏற்று, விரிசல் விட்டு, சக்தியைத் தின்றுதீர்த்தன. அன்றியும், அக்காலத்துக் கட்டிடங்கள் இருபது மாடிக்கு மேற்படாத உயரமுடையவை. இவை எல்லாம் சேர்ந்தே அந்த முதல் தலைமுறையைக் காத்தன.

இதனால் பழங்கட்டிடங்கள் குற்றமற்றவை என்று கொள்ளலாகாது. செங்கல்லும் சுடுமண் அலங்காரங்களும் பூகம்பத்தில் பெயர்ந்து வீதியில் நடப்பவர்கள்மேல் விழுகின்றன. இக்காலத்து விதிகள் எதிர்பார்க்கும் வளைவுத் திறனை அச்சட்டகங்களில் கணக்கிட்டு நிரூபிப்பதும் எளிதன்று. 1928-இல் எழுந்த 138 மீட்டர் உயரமுள்ள லாஸ் ஏஞ்ஜல்ஸ் நகர மண்டபம் 1994-ஆம் ஆண்டு நார்த்ரிட்ஜ் பூகம்பத்தில் சேதமுற்ற பின்னர், அந்தப் பிரமாண்டமான கட்டிடத்தை அஸ்திவாரத்திலிருந்து பிரித்து, நில ஆட்டத்தைத் தணிக்கும் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்த்தும் பெரும் வேலை 2001-இல் நிறைவேறிற்று. பழமையைக் காப்பாற்ற மனமும் பணமும் இருந்தால் வழியும் உண்டு என்பதற்கு அந்த மண்டபமே சாட்சி.

வெல்டிங் காலம்

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர் கட்டிடக் கலையில் ஒரு பெரும் மாறுதல் நிகழ்ந்தது. ரிவெட்டு அடிப்பதற்கு ஆட்களும் காலமும் மிகுதியாகத் தேவைப்பட்டன. மின்சார வெல்டிங்கோ விரைவாகவும் சிக்கனமாகவும் வேலையை முடித்தது. 1960-களிலிருந்து, உத்தரத்தின் மேற்பட்டையையும் கீழ்ப்பட்டையையும் தூணோடு வெல்டிங்கால் பற்றவைத்து, நடுத்தகட்டை மட்டும் போல்ட்டுகளால் முடுக்கும் முறை மேற்கு அமெரிக்காவில் வழக்கமாயிற்று. கனத்த செங்கற் சுவர்கள் மறைந்து, கண்ணாடியும் மெல்லிய உலோகத் தகடுகளும் வெளிப்போர்வையாயின. பழைய கட்டிடங்களில் கணக்குக்குப் புறம்பாக இருந்து உதவிய சுவர்களின் துணை இவ்வாறு கைவிட்டுப் போயிற்று. லாஸ் ஏஞ்ஜல்ஸில் நீண்ட காலமாக இருந்த உயர வரம்பு 1950-களின் பிற்பகுதியில் நீங்கிற்று. ஜப்பானில் 31 மீட்டர் என்றிருந்த வரம்பு 1963-இல் தளர்த்தப்பட, பேராசிரியர் முட்டோ கியோஷி போன்றவர்கள் வகுத்த நெகிழ்ச்சிச் சித்தாந்தத்தின்படி 1968-இல் தோக்கியோவில் 36 மாடியும் 147 மீட்டர் உயரமும் உள்ள கஸுமிகஸெக்கி கட்டிடம் எழுந்தது. அபாயம் வந்தால் எதிர்த்து நிற்பதல்ல, அசைந்து கொடுப்பதே விவேகம் என்பது அந்தச் சித்தாந்தத்தின் சாரம்.

வெல்டிங் மூட்டுகளை யாரும் பரிசோதிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்வது அநியாயமாகும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி பரிசோதனைச் சாலையில் பேராசிரியர் யெகோர் போபாவ் 1960-களின் இறுதியில் இவற்றை முன்னும் பின்னுமாக வளைத்துப் பார்த்து, திருப்தியான பலன்களைக் கண்டார். ஆனால் அவர் பரிசோதித்த உத்தரங்கள் 18 அங்குலமும் 24 அங்குலமும் உயரம் கொண்டவை. பின்வந்த கால் நூற்றாண்டில், செலவைக் குறைக்கும் பொருட்டு, சட்டகத்தின் எல்லாத் தூண்களையும் பிணைக்காமல் வெளிச்சுற்றில் சில இடங்களில் மட்டும் பலமான மூட்டுகளை வைத்து, அந்தச் சிலவற்றிலேயே பூகம்பத்தின் முழுப் பொறுப்பையும் சுமத்தும் வழக்கம் வளர்ந்தது, உத்தரங்கள் 36 அங்குலம்வரை பெருத்தன, தூண்கள் தடித்தன. பரிசோதித்தது ஒரு மூட்டு, கட்டியது வேறொரு மூட்டு என்ற நிலை யாரும் அறியாமலே வந்து சேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் நடத்திய பரிசோதனைகளில் சில மூட்டுகள் வளையாமலே முறிந்தன. அந்த எச்சரிக்கை 1993-இல் அச்சேறிய சில வாரங்களுக்குள் நிலமே பேசிவிட்டது.

நார்த்ரிட்ஜ் கற்பித்த பாடம்

1994-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி காலை 4.31 மணிக்கு லாஸ் ஏஞ்ஜல்ஸ் நகரத்தின் வடபாகமான நார்த்ரிட்ஜில் 6.7 அளவுள்ள பூகம்பம் ஏற்பட்டது. பாலங்கள் விழுந்தன, மரவீடுகளும் கான்கிரீட் வாகன நிறுத்தங்களும் சரிந்தன, உருக்குச் சட்டகக் கட்டிடம் ஒன்றுகூட விழவில்லை. உருக்கின் புகழ் மீண்டும் நிலைநாட்டப்பட்டது என்று எல்லோரும் எண்ணியிருந்த வேளையில், லிப்டு சரிவர ஓடாத சில கட்டிடங்களிலும், கட்டுமான வேலை முடியாமல் மூட்டுகள் திறந்தே கிடந்த சிலவற்றிலும் வெடிப்புகள் கண்ணுக்குப் பட்டன. சுவர்ப் பலகையைப் பிரித்து, தீக்காப்புப் பூச்சைச் சுரண்டிப் பார்க்கப் பார்க்க, மேலும் மேலும் வெடிப்புகள் வெளிவந்தன. நூற்றுக்கும் அதிகமான கட்டிடங்களில், ஒரு மாடியிலிருந்து இருபத்தாறு மாடிவரை உள்ளவற்றில், முப்பது ஆண்டுப் பழமை உடையவை முதல் அப்போதுதான் எழுப்பப்பட்டுக்கொண்டிருந்தவை ஈறாக, உத்தரமும் தூணும் சேரும் பற்றவைப்புகள் முறிந்திருந்தன; சிலவற்றில் வெடிப்பு தூணுக்குள்ளேயே ஊடுருவியிருந்தது. வளைந்து கொடுக்கும் என்று நம்பிய உருக்கு, வளையத் தொடங்குமுன்பே கண்ணாடித்தன்மையுடன் ஒடிந்திருந்தது. வெளியே நின்று பார்ப்பவருக்கு அந்தக் கட்டிடங்களில் பல நேராகவும் முழுமையாகவும் காட்சியளித்தன என்பதே இதில் மிகவும் அச்சத்துக்குரிய அம்சம்.

அமெரிக்க மத்திய சர்க்காரின் அவசரகால நிர்வாக நிறுவனம் பொருளுதவி செய்ய, கலிபோர்னியாவின் பொறியியல் சங்கமும் பல்கலைக்கழகங்களும் கூடி ஆறு ஆண்டுகள் நடத்திய ஆராய்ச்சியின் பயனாகக் காரணங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின. வேலை விரைவாக நடக்கவேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வெல்டிங் கம்பியின் உலோகத்துக்கு, கீறல் விழுந்தபின் அதைப் பரவவிடாமல் தடுக்கும் உறுதி மிகக் குறைவு. உருகிய உலோகம் ஒழுகாமலிருக்க அடியில் வைக்கப்பட்ட உலோகப் பட்டை வேலை முடிந்தபின் அகற்றப்படாமல் அங்கேயே விடப்பட்டதால், அதன் ஓரமே முன்பே இருந்த கீறல்போல அமைந்தது. கீழ்ப்பட்டையைப் பற்றவைக்கும்போது உத்தரத்தின் நடுத்தகடு குறுக்கே நிற்பதால் தொழிலாளி வேலையை நடுவில் நிறுத்தி மறுபுறமிருந்து தொடங்க நேர்ந்தது. குறைகள் மிகுதியாகத் தங்கியதும், பரிசோதனைக் கருவிக்கு எளிதில் அகப்படாததும் அந்த இடமே. உத்தரத்தின் உருக்கு, விதி கேட்ட பலத்தைவிட மிகுந்த பலத்தோடு ஆலையிலிருந்து வந்தது. மேற்போக்காகப் பார்த்தால் இது நன்மையாகத் தோன்றினாலும், உத்தரம் வளைய மறுத்ததால் அந்த விசை முழுவதும் பலவீனமான பற்றவைப்பின்மேல் விழுந்தது. இத்தனை காரணங்களில் எந்த ஒன்றும் தனியாக நின்று அழிவைச் செய்யவில்லை, சேர்ந்து செய்தன.

இந்த வரலாற்றில் மதிப்புக்குரிய ஒரு செய்தியும் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகள் தாம் சிபாரிசு செய்த முறை தவறு என்று கண்டதும் அத்தொழிலைச் சார்ந்தவர்கள் அதை மறைக்க முயலவில்லை. 1994 செப்டம்பரிலேயே பழைய மூட்டுக்கான அனுமதி கட்டிட விதியிலிருந்து நீக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் புதிய வழிமுறைகள் வெளியிடப்பட்டன. 1989-ஆம் ஆண்டு லோமா பிரியேட்டா பூகம்பத்திலும் 1992-ஆம் ஆண்டு லாண்டர்ஸ் பூகம்பத்திலும் ஆடிய சில கட்டிடங்களைப் பின்னர் திறந்து பார்த்தபோது அவற்றிலும் இதே முறிவுகள் இருந்தன என்பதையும் அவர்களே வெளியிட்டனர். அந்தக் கட்டிடங்களில் ஜனங்கள் அதுவரை ஒன்றும் அறியாமல் தங்கள் அலுவல்களைப் பார்த்துவந்தார்கள்.

கோபேயும் மெக்ஸிகோவும்

நார்த்ரிட்ஜ் பூகம்பத்துக்குச் சரியாக ஓர் ஆண்டு கழித்து, 1995 ஜனவரி 17 அன்று, ஜப்பானின் கோபே நகரம் குலுங்கியது. 6,434 பேர் மாண்டனர். பழைய, உயரம் குறைந்த, மெல்லிய உறுப்புகளால் ஆன உருக்குக் கட்டிடங்கள் பல சரிந்தன. அண்மைக்காலத்துக் கட்டிடங்களிலும் உத்தர நுனிகளில் வெல்டிங் முறிவுகள் காணப்பட்டன. அருகிலுள்ள ஆஷியாவில் கடலோரமாக 1970-களின் பிற்பகுதியில் எழுந்த உயர்ந்த குடியிருப்புகளில் தடித்த உருக்குத் தூண்களே குறுக்கே வெடித்தன. கலிபோர்னியாவின் முறையும் ஜப்பானின் முறையும் வேறு. ஆயினும் வெல்டிங் மூட்டின் பலவீனம் ஒரு தேசத்துக்கு உரியதன்று என்பது அன்று நிரூபணமாயிற்று.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, உயர்ந்த உருக்குக் கட்டிடம் விழவே விழாது என்ற வாதம் மெக்ஸிகோ நகரத்தில் பொய்த்துவிட்டது. 1985 செப்டம்பர் 19 அன்று பஸிபிக் கடற்கரையில் ஏற்பட்ட 8.0 அளவுள்ள பூகம்பம் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்து, வற்றிய ஏரியின் களிமண்மேல் அமைந்த அந்நகரத்தை இரண்டு வினாடிக்கு ஒருமுறை என்ற கதியில் ஆட்டியது. பினோ ஸுவாரெஸ் என்ற இடத்தில் நின்ற ஐந்து உருக்குக் கோபுரங்களில் 21 மாடிக் கோபுரம் ஒன்று பக்கத்திலிருந்த 14 மாடிக் கட்டிடத்தின்மேல் சாய்ந்து விழுந்தது. தகடுகளைச் சேர்த்துப் பெட்டியாகச் செய்த அதன் தூண்கள் நசுங்கிப்போயிருந்தன. அதே நகரத்தில், 1956-இல் எழுந்த 44 மாடி லத்தினோஅமெரிக்கானா கோபுரமோ 1957, 1985, 2017 ஆகிய மூன்று பெரும் பூகம்பங்களையும் தாங்கி நிற்கிறது. களிமண்ணை ஆழமாக ஆராய்ந்து அஸ்திவாரம் வகுத்த லியோனார்டோ ஸேவெர்ட்டும், ஆட்டத்தைக் கணித்த நாதன் நியூமார்க்கும் கட்டிடத்தின் அலைவு நேரத்தை அந்த மண்ணின் கதியிலிருந்து விலக்கி வைத்தார்கள். விழுந்த கோபுரம் இளையது, நின்ற கோபுரம் மூத்தது. வயதைக் கொண்டு அபாயத்தை அளப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

புதிய கட்டிடங்களின் வாக்குறுதி

1994-க்குப் பிறகு எழுந்த கட்டிடங்களில் பழைய பிழைகள் திருத்தப்பட்டிருக்கின்றன என்பதில் ஐயமில்லை. உத்தரத்தின் பட்டையைத் தூணுக்குச் சற்றுத் தள்ளி வேண்டுமென்றே குறுக்கி, வளைவு அந்த இடத்திலேயே நிகழும்படி செய்யும் முறை பரவியது. அவ்வாறு செய்யும்போது பற்றவைப்பின்மேல் வரும் விசை குறைந்துவிடுகிறது. உறுதியான வெல்டிங் உலோகம் கட்டாயமாயிற்று. அழுத்தினாலும் இழுத்தாலும் நெளியாமல் சக்தியை விழுங்கும் உறைபோட்ட சாய்சட்டங்கள் ஜப்பானில் தோன்றி அமெரிக்காவுக்கும் சென்றன. 2011 பிப்ரவரியில் நியூஜீலந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 185 உயிர்களைக் கொண்ட பூகம்பத்தில், புதிதாகக் கட்டப்பட்ட 22 மாடி பஸிபிக் கோபுரத்தில் சக்தியை விழுங்குவதற்கென்று அமைக்கப்பட்ட உறுப்பு ஒன்று முறிந்தபோதிலும் கோபுரம் நிலைத்து நின்றது. அவ்வூரின் மத்தியப் பகுதியில் மற்ற வகைக் கட்டிடங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பின்னர் இடித்துத் தள்ளப்பட்டன.

ஆயினும் புதுமை எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிடாது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவுள்ள பூகம்பம் நேர்ந்தபோது, அதிலிருந்து ஏறத்தாழ 770 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஒஸாகாவில் தரையில் நின்றவர்கள் மிதமான ஆட்டத்தையே உணர்ந்தார்கள். ஆனால் அங்கே 1995-இல் கட்டி முடிக்கப்பட்ட, 55 மாடியும் 256 மீட்டர் உயரமும் உள்ள ஸகிஷிமா சர்க்கார் கட்டிடத்தின் உச்சி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டரை மீட்டருக்கும் அதிகமாக, பத்து நிமிஷம்போல ஆடிக்கொண்டிருந்தது. கட்டிடத்தின் அலைவு நேரமும் அந்தக் கடலோர மண்படுகையின் அலைவு நேரமும் ஒன்றாக அமைந்திருந்ததே காரணம். கூரைப் பலகைகள் விழுந்தன. லிப்டுகளில் மனிதர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். அது விதிகளை மீறிக் கட்டியதன்று. கட்டிய காலத்து விதிகள் அந்த நீண்ட அலையைப் போதுமான அளவு கருதவில்லை.

நீண்ட அலைகளின் ஆபத்துக்கு ஜப்பான் விரைவாக விடைதேடியது. தோக்கியோவின் ஷின்ஜுக்கு பகுதியில் 1979-இல் எழுந்த 54 மாடிக் கட்டிடம் ஒன்றில், எண்ணெய் நிரம்பிய அதிர்வு தணிப்பான்கள் பூகம்பத்துக்கு முன்பே பொருத்தப்பட்டிருந்ததால் ஆட்டம் குறைந்தது. அதன் அருகே 1974-இல் எழுந்த 55 மாடி மிட்ஸுயி கட்டிடத்தின் உச்சியில், ஒவ்வொன்றும் 300 டன் எடையுள்ள ஆறு தொங்கும் பாரங்கள் 2015-இல் அமைக்கப்பட்டன. நீண்ட அலைகளைக் கணக்கில் சேர்க்கும் விதி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. 2023-முதல் அந்நாட்டு வானிலை நிலையம் விடுக்கும் பூகம்ப எச்சரிக்கையில் நீண்ட அலைகளும் இடம்பெறுகின்றன. பழைய கட்டிடத்தையும் திருத்த முடியும் என்பதற்கு இந்த உதாரணங்களே போதும்.

புதிய கட்டிடம் தரும் வாக்குறுதியின் எல்லையையும் வாசகர் அறிய வேண்டும். அமெரிக்க விதிகளின் குறிக்கோள், அவ்விடத்துக்கு எண்ணத்தக்க மிகப்பெரிய ஆட்டம் வந்தால், சாதாரணக் கட்டிடம் விழுவதற்கான வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கு மிகாமல் இருக்கவேண்டும் என்பதே. விழாமல் நிற்பதைத்தான் விதி கோருகிறது; பூகம்பத்துக்குப் பிறகு அதில் மறுபடி குடியேறலாம் என்று அது உறுதி கூறுவதில்லை. சற்றே சாய்ந்து நின்றுவிட்ட நாற்பது மாடிக் கட்டிடத்தை நிமிர்த்துவதும் கடினம், நெருக்கமான நகரத்தின் நடுவே அதனை இடிப்பதும் கடினம். அதைச் சுற்றியுள்ள வீதிகளையும் கடைகளையும்கூட மாதக்கணக்கில் மூடவேண்டி நேரும்.

இன்னும் நடக்காத பரீட்சை

கலிபோர்னியாவில் உயர்ந்த உருக்குக் கட்டிடங்கள் நெருங்கி எழுந்த பிறகு, ஸான் ஆண்ட்ரியாஸ் பிளவில் 7.8 அல்லது 7.9 அளவுள்ள பூகம்பம் ஒன்றும் இதுவரை நிகழவில்லை. தென்பகுதியில் அத்தகையது கடைசியாக 1857-இல் நேர்ந்தது. ஆகவே விஞ்ஞானிகள் கணிப்பொறிகளின் துணையை நாடியிருக்கிறார்கள். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சுவாமிநாதன் கிருஷ்ணன், தாமஸ் ஹீட்டன் முதலியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 1982-ஆம் ஆண்டு விதிப்படி அமைந்த 18 மாடிக் கட்டிடம் ஒன்றையும், அதையே 1997-ஆம் ஆண்டு விதிப்படி மாற்றி வகுத்த வடிவத்தையும் அத்தகைய பூகம்பத்துக்கு உள்ளாக்கிப் பார்த்தனர். பிளவு வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடினால் ஸான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் சேதம் மிகக் கடுமையாகவும், எதிர்த்திசையில் ஓடினால் வெகுவாகக் குறைந்தும் காணப்பட்டது; புதிய வடிவம் பழையதைவிட நன்றாக நின்றது என்றாலும் அபாயத்திலிருந்து முற்றும் தப்பவில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2008-இல் தயாரித்த பெரும் பூகம்பக் கற்பனைக் கணக்கில் ஏறத்தாழ 1,800 மரணங்களோடு, ஐந்து உயர்ந்த உருக்குக் கட்டிடங்கள் விழுவதாகவும் கொள்ளப்பட்டது. இது ஜோசியமன்று, ஆயத்தம் செய்வதற்கென்று நிபுணர்கள் ஏற்றுக்கொண்ட ஓர் அனுமானம்.

1960-க்கும் 1994-க்கும் இடையே எழுந்த உயர்ந்த கட்டிடங்களில் வேறொரு பலவீனமும் இருக்கிறது. உயரம் மிகுந்த தூண்களை ஒரே துண்டாகச் செய்ய முடியாது. சில மாடிகளுக்கு ஒருமுறை துண்டின்மேல் துண்டு வைத்து ஒட்டவேண்டும். அக்காலத்தில் இவ்வொட்டுகளின் கனத்தில் ஒரு பகுதி மட்டுமே பற்றவைக்கப்பட்டது. கட்டிடம் பெரிதாக ஆடும்போது ஓரத்துத் தூண் மேல்நோக்கி இழுக்கப்பட்டால், அந்த அரைகுறை ஒட்டுப் பிரிந்துவிடலாம். உத்தரத்தின் மூட்டு ஒடிந்தாலும் அந்தத் தளம் வேறு வழியில் நிற்கக்கூடும். தூண் பிரிந்தால் அதன்மேல் உள்ள மாடிகள் யாவும் ஆதாரம் இழக்கும்.

செய்யவேண்டியது என்ன?

திருத்தும் வழி தெரியாமல் இல்லை, திருத்துவதுதான் தாமதமாகிறது. குடியிருக்கும் கட்டிடத்தில் ஒரு மூட்டைத் திறப்பதென்றால் கூரைப் பலகையைப் பிரிக்கவேண்டும், அலுவலகத்தைக் காலிசெய்யவேண்டும். 1970-களின் தொடக்கம்வரை தீக்காப்புப் பூச்சில் கலந்துவந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசி பரவாதபடி தனிக் காவல் வேண்டும். இவ்வளவு செலவையும் ஏற்கும்படி உரிமையாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டங்கள் மிகச் சில. லாஸ் ஏஞ்ஜல்ஸ் 2015-இல் இயற்றிய பிரசித்தமான சட்டங்கள் மரவீடுகளையும் பழைய கான்கிரீட் கட்டிடங்களையும் தழுவின. உருக்குச் சட்டகங்களை விட்டுவிட்டன. பக்கத்திலுள்ள ஸாண்டா மோனிக்காவோ 2017-இல் இயற்றிய சட்டத்தில் அவற்றையும் சேர்த்துக்கொண்டது. ஸான் பிரான்ஸிஸ்கோ 240 அடிக்கு மேற்பட்ட தன் 156 கட்டிடங்களைக் கணக்கெடுத்து, 2018-இல் விரிவான திட்டம் ஒன்றை வெளியிட்டது. அண்டை நகரங்கள் இரண்டில் ஒன்று செய்வதை மற்றொன்றும் செய்யலாம் என்பதற்கு ஸாண்டா மோனிக்காவே ஆதாரம்.

என் கருத்தில், பூகம்பப் பிரதேசத்தில் உயர்ந்த கட்டிடங்களைக் கொண்ட எந்த நகரமும் நான்கு காரியங்களைத் தள்ளிப்போடக் கூடாது. எந்தக் கட்டிடம் எந்தக் காலத்து மூட்டுகளால் ஆனது என்ற பட்டியலைத் தயாரித்துப் பொதுஜனங்கள் அறிய வெளியிட வேண்டும். அதில் குடியிருப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் அதை அறியும் உரிமை உண்டு. வெல்டிங் காலத்துக் கட்டிடங்களில் சில மூட்டுகளையும் தூண் ஒட்டுகளையுமேனும் திறந்து பார்க்கும் கடமையைச் சட்டமாக்க வேண்டும். 1971-ஆம் ஆண்டு ஸான் பெர்னாண்டோ பூகம்பத்துக்குப் பின் கலிபோர்னியா தொடங்கியதைப்போல, உயர்ந்த கட்டிடங்கள் ஒவ்வொன்றிலும் ஆட்டத்தைப் பதிவு செய்யும் கருவிகளை வைக்க வேண்டும். திருத்தும் செலவில் ஒரு பங்கை வரிச்சலுகையாகவோ நீண்டகாலக் கடனாகவோ சமூகம் ஏற்க வேண்டும்; ஏனெனில், ஓர் உயர்ந்த கட்டிடம் சாய்ந்தால் நஷ்டப்படுவது அதன் உரிமையாளர் மட்டுமல்ல.

உருக்கின்மீது நமக்குள்ள நம்பிக்கை வீணானதல்ல. முழுமையாகச் செய்யப்பட்ட மூட்டும், மண்ணை அறிந்து வகுத்த உயரமும் சேர்ந்தால் அது காத்துத்தான் நிற்கிறது. ஆனால் அந்த இரண்டும் இருக்கின்றனவா என்று திறந்து பாராமல், கட்டிடம் நேராக நிற்பதைக் கொண்டே திருப்தியடைவது, நார்த்ரிட்ஜில் நாம் கற்ற பாடத்தை மறப்பதாகும். அடுத்த பெரும் பூகம்பத்தின் நாளை எவரும் குறிக்க முடியாது. அன்றைக்குப் பழைய கட்டிடங்களும் புதிய கட்டிடங்களும் எந்த நிலையில் இருக்கவேண்டும் என்பதை நிர்ணயிக்கும் அதிகாரமோ இன்றே நகர சபைகளின் கையிலும், பொறியாளர்களின் கையிலும், அவர்களைக் கேள்வி கேட்கத் துணியும் ஜனங்களின் கையிலும் இருக்கிறது.